நான் எந்த மகரம்?

போன மாசம் ஊருக்குப் போயிருந்தப்ப சித்தி பொண்ணு என் போனைப் பிடுங்கி ஏதோ ஒரு ஜாதக ஆப்பை இறக்கிட்டா. பிறந்த தேதி, நேரம், ஊர் எல்லாம் கேட்டுச்சு. 1995 ஜனவரி 3, சாயங்காலம் நாலரை மணி, திருநெல்வேலி. ரெண்டு செகண்ட் சுத்திட்டு, சூரியன் கேப்ரிகார்ன், சந்திரன் அக்வேரியஸ்னு காட்டுச்சு. கேப்ரிகார்ன்னா மகரம், நமக்குத் தெரிஞ்சதுதானேன்னு விட்டுட்டேன், அடுப்படில இருந்து அம்மாதான் விடல.

"என்னட்டி சொல்லுது அது?"

"சந்திரன் கும்பத்துல இருக்காம்மா."

"கும்பமா? நீ மகரம்லா! திருவோண நட்சத்திரம், ஆச்சி கூட்டிட்டுப் போயி ஜோசியர்கிட்ட எழுதி வாங்கின நோட்டு பீரோவுல இருக்கு, போயிப் பாரு."

போய்ப் பார்த்தேன். மஞ்சள் தடவின நோட்டு, முதல் பக்கத்துல பிள்ளையார் சுழி. பவ வருஷம் மார்கழி 19, செவ்வாய்க்கிழமை, வளர்பிறை திருதியை. கட்டத்துல மகரத்துக்குள்ள "சந்" இருக்கு. ஆனா "சூ" மகரத்துல இல்ல, தனுசுல இருக்கு. அதாவது ஆப்புக்கு நான் மகரம், அம்மாவுக்கும் நான் மகரம், ஆனா அது சூரியனை வச்சுச் சொன்ன மகரம், இது சந்திரனை வச்சுச் சொன்ன மகரம், ஆப்புல இருக்கிற சூரியனும் சந்திரனும் நோட்டுல ஆளுக்கு ஒரு வீடு பின்னாடி போய் உக்காந்திருக்காங்க. இத்தனை வருஷமா யாராவது "நீ கேப்ரிகார்னா?"ன்னு கேட்டா ஆமான்னு தலையாட்டிட்டு இருந்திருக்கேன், தப்பில்லதான், ஆனா சரியான காரணத்துக்காக ஆட்டல.

ஒரு வாரமா இதைத்தான் நோண்டிட்டு இருக்கேன்.

முதல்ல அந்த ஒரு வீடு தள்ளுற கதை. மேல்நாட்டுக்காரங்க மார்ச் 20, 21 வாக்குல பகலும் ராத்திரியும் சமமா வருதே, அன்னிக்கு சூரியன் நிக்கிற இடத்தை மேஷத்தோட ஆரம்பம்னு வச்சு அங்கேருந்து முப்பது முப்பது டிகிரியா வெட்டுறாங்க. நட்சத்திரம் எங்க இருக்குன்னு அவங்களுக்குக் கவலை இல்ல. நம்ம ஆளுங்க நட்சத்திரத்தை வச்சு வெட்டுறாங்க. ஆதியில ரெண்டும் ஒண்ணாத்தான் இருந்திருக்கு, சுமார் 1700 வருஷத்துக்கு முன்னாடி. பூமி பம்பரம் சாயுறப்ப தலையாட்டுமே அந்த மாதிரி மெதுவா ஆட்டுது, 72 வருஷத்துக்கு ஒரு டிகிரி நகருது, அது சேந்து சேந்து இப்ப 24 டிகிரி ஆயிடுச்சு. அதுக்குப் பேருதான் அயனாம்சம். ஒரு ராசியே 30 டிகிரிதான், அதுல 24 தள்ளிப் போனா அஞ்சுல நாலு பேருக்கு முந்தின வீடுதான் வரும். எனக்கு வந்த மாதிரி.

கணக்கு வேணாம், கண்ணால பாக்கணும்னா காலண்டர் போதும். டிசம்பர் 21, 22ல வருஷத்துலயே சின்ன பகல். மேல்நாட்டுக் கணக்குல அன்னிக்குத்தான் சூரியன் மகரத்துக்குள்ள போறார், வடக்கே திரும்புறதும் அன்னிக்குத்தான். நாம மகர சங்கராந்தின்னு பொங்கல் வைக்கிறது ஜனவரி 14, 15ல. உத்தராயணம் பொறந்துட்டுன்னு நாம சொல்றப்ப சூரியன் திரும்பி மூணு வாரத்துக்கு மேல ஆகியிருக்கும். இதுல இன்னொரு கூத்து, ஸ்கூல்ல ஜியாக்ரபில படிச்சோமே மகர ரேகை, தெற்கே இருபத்து மூன்றரை டிகிரி, அது அந்த டிசம்பர் மகரம். பொங்கல் நம்ம மகரம். ஒரே புஸ்தகப் பைக்குள்ள ரெண்டு மகரத்தையும் தூக்கிட்டுத்தான் போயிருக்கோம், எந்த டீச்சரும் சொல்லல.

சரி, மகரம்னா என்ன மிருகம்? இதைத் தேடப் போய்த்தான் தூக்கம் போச்சு.

நோட்டு அட்டையில பன்னெண்டு ராசிப் படம் இருக்கு, அதுல முதலை மாதிரி ஒண்ணு வாயைத் தொறந்துட்டு இருக்கு. ஆப்புல பார்த்தா ஆடு. முன்னாடி ஆட்டுத் தலை, ரெண்டு முன்னங்கால், பின்னாடி மீன் வாலு. தமிழ்ல மகரம்னா சுறா மீனுன்னும் சொல்லுவாங்க, மன்மதன் கொடியில இருக்கிறது அந்த மகரம்தான். கங்கைக்கும் வருணனுக்கும் வாகனம் மகரம். எங்க ஊர்ப் பக்கம் தென்திருப்பேரைப் பெருமாளுக்குப் பேரே மகரநெடுங்குழைக்காதர், காதுல மீன் வடிவத்துல நீளமா குழை தொங்கும், சின்ன வயசுல தீபாராதனை வெளிச்சத்துல நான் முகத்தைப் பார்த்ததே இல்ல, காதைத்தான் பாத்துட்டு நிப்பேன். கோயில்கள்ல சாமிக்கு மேல வளைவா மகர தோரணம் இருக்கும், அடுத்த தடவை போனா ரெண்டு ஓரத்தையும் நின்னு பாருங்க. யானைத் தும்பிக்கை, முதலை வாய், மீன் உடம்பு, வாலு மட்டும் கொடி கொடியா சுருண்டு போகும். இதுல ஆடு எங்கயாவது தெரியுதா? எனக்குத் தெரியல.

ஆடுதான் ஆனா பழசு. பாபிலோன்ல, இப்ப இராக் இருக்கிற இடம், களிமண் பலகையில எழுதி வச்சிருக்கிற நட்சத்திரப் பட்டியல்ல ஆட்டுமீன்னே ஒரு கூட்டம் இருக்கு, அவங்க பாஷையில சுஹுர்மாஷ். ஏயான்னு ஒரு தண்ணி சாமி, புத்திக்கும் அவர்தான் சாமி, அவரோட பிராணி அது. அங்கேருந்து கிரேக்கத்துக்குப் போச்சு, ஐகோகெரோஸ்னு பேரு, ஆட்டுக்கொம்பன். அவங்க ஒரு கதை கட்டுனாங்க, பான்னு ஆட்டுக்கால் தேவன் டைஃபோன் அரக்கனுக்குப் பயந்து ஆத்துல குதிச்சானாம், தண்ணிக்குள்ள போன பாதி மீனாச்சு, வெளிய நின்ன பாதி ஆடாவே நின்னுடுச்சு. படம் முன்னாடியே இருந்திருக்கு, கதைதான் பின்னாடி வந்திருக்குன்னு பாத்தாலே தெரியுது.

அந்தக் கிரேக்கப் பேரு இந்தியாவுக்கு வந்ததுக்கு ஆதாரம் இருக்கு. ஆறாம் நூற்றாண்டுல உஜ்ஜயினியில இருந்த வராகமிகிரர் பிருஹத் ஜாதகத்துல ராசிகளுக்கு இன்னொரு பேரு வரிசையும் குடுக்கிறார், அதுல மகரத்துக்கு ஆகோகேர. ஐகோகெரோஸ், ஆகோகேர. ரெண்டையும் சத்தமா சொல்லிப் பாருங்க. ஆட்டுக்கொம்பனை நம்ம ஊரு வாயில போட்டு மென்னு துப்பினா அதான் வரும். அதே நூல்ல ராசிகளோட உருவம் சொல்ற இடத்துல மகரத்துக்கு மான் முகம்னு இருக்கு. இதைப் படிச்சதும் ஏந்திரிச்சு உக்காந்துட்டேன். நம்ம ஊர்ல மகரம்னு ஏற்கனவே ஒரு தண்ணி மிருகம் இருந்திருக்கு, வந்த ஆட்டுமீனை அதுக்குள்ள அடக்கிட்டாங்க, அப்படியும் கொம்புள்ள ஒரு தலை மட்டும் மானா வெளிய நீட்டிட்டு இருந்திருக்கு. இது என் அனுமானம்தான், ஆனா எனக்குப் பிடிச்ச அனுமானம். முதலைன்னு படம் போட ஆரம்பிச்சதும் அந்தத் தலையும் போயிடுச்சு.

இதோட நிக்கல. பௌத்த நூல்களை சீனத்துல பெயர்த்தப்ப மகரம்ங்கிற சத்தம் அப்படியே அங்க போச்சு, மோஜியேன்னு. அங்க அது ராசியா மட்டும் இல்ல, தலையெழுத்தாவே ஆயிடுச்சு. சூ ஷின்னு பதினோராம் நூற்றாண்டுல ஒரு பெரிய கவிஞர், வாழ்க்கையில திரும்பத் திரும்ப நாடுகடத்தல், கடைசியா ஹைனான் தீவு வரைக்கும் அனுப்பிட்டாங்க. அவர் எழுதுறார், தனக்கு முன்னாடி இருந்த ஹான் யூங்கிற கவிஞருக்கும் மோஜியே, தனக்கும் மோஜியே, அதனாலதான் ஊரு வாயில விழுந்துட்டே இருக்கோம்னு. சத்தத்துக்காக அவங்க எழுதுற எழுத்துல ஒண்ணுக்கு அரைக்கிறதுன்னும் இன்னொண்ணுக்குத் தேளுன்னும் அர்த்தமாம். ஆடு, மீன், சுறா, முதலை, மான், கடைசில தேளு. பாவம் இந்த ராசி. (தாய்லாந்துல மட்டும் நல்லா வச்சிருக்காங்க, அவங்க ஜனவரி மாசத்துக்குப் பேரே மகராகோம்.)

சூரியனா சந்திரனான்னு எனக்கு வந்த குழப்பம் ரோம் ராஜாவுக்கே வந்திருக்கு. அகஸ்டஸ் சீசர் தன் ராசின்னு ஆட்டுமீனை வெள்ளிக் காசுல அடிச்சு விட்டார். ஆனா அவர் பிறந்தது செப்டம்பர் 23. இப்ப பேப்பர்ல வர்ற சூரிய ராசிப்படி பாத்தா மகரமே வராது, துலாம். அவருக்கு சந்திரன் மகரத்துல இருந்துச்சு, அதைத்தான் சொல்லியிருப்பார்ங்கிறது ஒரு விளக்கம். அப்படின்னா அகஸ்டஸ் எங்கம்மா கட்சி. கேட்டா அம்மா சிரிச்சுட்டு, "அப்பம் அவரும் திருவோணமான்னு பாரு"ன்னா.

மிருகம் இத்தனை தடவை மாறினாலும் வீட்டுக்காரர் மாறவே இல்ல. மகரம் சனியோட வீடு, கிரேக்கத்துலயும் சரி இங்கயும் சரி. செவ்வாய் அங்க உச்சம், அதாவது முழு பலம், 28வது டிகிரியில, குரு நீசம், அதாவது பலமே இல்ல, ரெண்டு பக்கமும் இதே. நம்ம சர ராசி, நில ராசிங்கிறதும் அவங்க வகைப்பிரிவும் ஒண்ணுதான். பரிபாடல்ல வையை, அதாவது வைகை, வெள்ளத்தைப் பாடுற ஒரு பாட்டு, பதினொண்ணாவது, மழைக்காலம் வந்த நாளைக் கோள் நிலையை வச்சுச் சொல்லுது. வெள்ளி ஏறுல, செவ்வாய் வருடையில, புதன் மிதுனத்துல, சனி வில்லுக்கு அடுத்த மகரத்துல. ஏறுங்கிறது ரிஷபம், வருடைங்கிறது மேஷம். எல்லாம் சொந்த வீடு! சனியை அதுல யமன் பேரைச் சொல்லிக் குறிக்கிறாங்க, இன்னொரு இடத்துல பங்கு, அதாவது கால் நொண்டினவன். மெதுவா நடக்கிற கிரகம்லா.

ஆனா ஒரே சனியை வச்சு ரெண்டு ஊரும் சொல்ற பலன்தான் வேற. ஆப்புல எனக்கு வந்தது, நீ மலை ஏறுற ஆடு, பொறுமை, உழைப்பு, லட்சியம், நாப்பது வயசுல தலைமைப் பதவி. படிக்க நல்லாத்தான் இருந்துச்சு, அப்ரைசல் நேரத்துல பிரிண்ட் எடுத்து மேனேஜர் டேபிள்ல வைக்கலாம் போல. எங்க வீட்டுல மகரம்னு சொன்னதும் யாரும் லட்சியத்தைக் கேட்டதில்ல. ஏழரை முடிஞ்சுட்டான்னுதான் கேப்பாங்க, சனி நம்ம ராசிக்கு முந்தின வீடு, நம்ம வீடு, அடுத்த வீடுன்னு மூணையும் கடக்கிற ஏழரை வருஷம் அது. எனக்கு 2017 கடைசியில ஆரம்பிச்சுது, அப்பதான் சென்னைக்கு வேலைக்கு வந்த புதுசு, அப்புறம் ஜென்மச் சனி வந்தப்ப கொரோனா, அது எனக்கு மட்டுமா வந்துச்சுன்னு கேட்டா அம்மா காதுல வாங்கல.

முடிஞ்சுதான்னு கேட்டா அதுக்கும் ரெண்டு பதில். திருக்கணிதப்படி, அதாவது இப்ப அளந்த கிரக நிலையை வச்சுப் போடற பஞ்சாங்கப்படி, சனி 2025 மார்ச் 29லயே மீனத்துக்குப் போயாச்சு, மகரத்துக்கு விடுதலை. பழைய சூத்திரத்தை வச்சுப் போடற வாக்கியப் பஞ்சாங்கப்படி 2026 மார்ச் வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்துச்சு. திருநள்ளாறுல வாக்கியம்தான், அதுக்கு முந்தின பெயர்ச்சியும் அங்க 2023 டிசம்பர் 20லதான் நடந்துச்சு, திருக்கணிதக்காரங்க அதே பெயர்ச்சியை 2023 ஜனவரி 17லயே கொண்டாடிட்டாங்க. பாபிலோனுக்கும் உஜ்ஜயினிக்கும் இருக்கிற வித்தியாசத்தைத் தேடி அலைஞ்சவளுக்கு எங்க வீட்டுச் சுவத்துல தொங்கற காலண்டரும் பூஜை ரூம் பஞ்சாங்கமும் ஒரு வருஷம் தள்ளி நிக்கிறது தெரியாமப் போச்சு. அம்மா ரெண்டையும் நம்புறா. அதனால நல்லதை முதல் கணக்குலயும் பரிகாரத்தை ரெண்டாவது கணக்குலயும் வச்சுக்கிட்டா, அந்த ஒரு வருஷம் முழுக்க சனிக்கிழமை தவறாம எனக்காக எள்ளு விளக்கு ஏத்தியிருக்கா.

இன்னொரு ஒத்துமை சொல்ல மறந்துட்டேன். உடம்புல மகரத்துக்கு உரிய இடம் முழங்கால். ரோமானியங்களும் அதான் சொல்றாங்க, நம்ம காலபுருஷ தத்துவமும் அதான் சொல்லுது. இதை அம்மாகிட்ட சொன்னப்ப கோயில் படியில உக்காந்து முட்டியைத் தேச்சு விட்டுட்டு இருந்தா, மூணு வருஷமா அந்த வலி. "உனக்கு வர வேண்டியதுட்டி இது"ன்னா. அம்மா ரிஷப ராசி.