தடைக்காலத்தில் தொடங்கிய கவுன்சிலிங்

மே 6

நாளை ராமநாதபுரம் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகிறேன். போன வருஷம் நடுக்கடலில் படகு எஞ்சின் பழுதாகி என் வீட்டுக்காரர் கரை சேரத் தாமதமானதிலிருந்து எனக்குத் தூக்கம் கெட்டுவிட்டது. ஏப்ரல் 15 முதல் மீன்பிடித் தடைக்காலம். படகு பாம்பன் கரையில் நிற்கிறது, அவரும் வீட்டில்தான் தூங்குகிறார். ஆனாலும் விடியக்காலை 3 மணிக்கு நெஞ்சு படபடத்து எழுந்துவிடுகிறேன்.

அத்தையிடம் சொன்னதும் "ஏர்வாடிக்கா போற?" என்று பதறினார். அந்தப் பயம் நியாயமானது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநலக் காப்பகத் தீயில், சங்கிலியில் கட்டிக் கிடந்த நோயாளிகள் ஓட முடியாமல் கருகினார்கள். 28 உயிர் போனது. எங்கள் பக்கத்தில் மனநலம் என்றாலே அதுதான் கண்முன் வரும். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி யாரையும் சங்கிலியில் கட்டவே கூடாது. "டாக்டரப் பாத்துப் பேசிட்டு சாயங்காலமே வந்துருவேன் அத்தை" என்றேன்.

மே 7

ஓ.பி. சீட்டு, வரிசை, அப்புறம் மனநல மருத்துவர். பேச்சைக் கேட்டுவிட்டு முதலில் தைராய்டு ரத்தப் பரிசோதனை எழுதினார். தைராய்டு கூடினாலும் இப்படிப் படபடக்குமாம். மாத்திரை தேவையா என்று பார்ப்பது அவர் வேலை. உட்கார வைத்துப் பேசுகிறவர் உளவியலாளர்.

அந்த மேடம் எடுத்த எடுப்பிலேயே ரகசியம் பற்றிச் சொன்னார். நான் சொல்வது வெளியே போகாது. என் உயிருக்கோ மற்றவர் உயிருக்கோ ஆபத்து என்றால், குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடக்கிறது என்று தெரிந்தால் மட்டும் அவர் சொல்லியே ஆக வேண்டும். கடந்த 2 வாரத்தில் எத்தனை நாள் பதற்றம், எத்தனை நாள் தூக்கமில்லை என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டார். சாக வேண்டும் என்று தோன்றியதுண்டா என்றும் கேட்டார். யார் வந்தாலும் கேட்பார்களாம். தோழிகளே, அந்தக் கேள்விக்குப் பயப்படாதீர்கள், உள்ளதைச் சொல்லுங்கள்.

"இப்படிச் செய்" என்று எந்தப் புத்திமதியும் சொல்லவில்லை. பெரும்பாலும் கேள்விகள்தான்.

மே 9

உடம்பெல்லாம் அசதி. மூடி வைத்ததைத் திறந்ததால் அழுகை கூடியிருக்கிறது. ஆரம்பத்தில் சிலருக்கு இப்படி ஆகும் என்று மேடம் முன்பே சொல்லியிருந்தார். அதனால் பயமில்லை.

மே 21

தைராய்டில் கோளாறு இல்லை. இப்போதைக்கு மாத்திரையும் வேண்டாம் என்றார் டாக்டர்.

இன்றைய பேச்சு முழுக்க என் செல்போனைப் பற்றி. நான் ஓயாமல் காற்றின் வேகம் பார்ப்பேன். படகே போகாத தடைக்காலத்திலும் ஏன் பார்க்கிறீர்கள் என்று கேட்டார். பார்த்தால் மனசு அடங்குகிறது என்றேன். எவ்வளவு நேரத்துக்கு அடங்குகிறது என்றார். யோசித்தால், கொஞ்ச நேரம்தான்! பார்க்கப் பார்க்க, பார்க்காமல் இருக்க முடியாது என்கிற பயம்தான் வளர்கிறது. இவ்வளவு நாளாக இது என் கண்ணில் படவே இல்லை. காலையில் ஒருதரம், மாலையில் ஒருதரம் மட்டும் பார்ப்பது, நடுவில் கை துடிக்கும்போது என்ன நினைப்பு ஓடியது என்று நோட்டில் எழுதுவது: இதுதான் வீட்டுப்பாடம். எனக்குக் கஷ்டமான பாடம்.

ஜூன் 4

சில ராத்திரி முழித்துக்கொண்டாலும் திரும்பத் தூக்கம் வருகிறது. சில ராத்திரி இல்லை. மண்டபம் ஊரிலிருந்து ஒரு அக்கா, பஸ் ஏறி வர வீட்டில் விடமாட்டார்கள் என்று எழுதியிருக்கிறார். அக்கா, 14416க்குப் போன் போடுங்கள். டெலிமானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம், ராத்திரியிலும் எடுப்பார்கள். ஒரு ஆலோசகர் ஒத்துவரவில்லை என்றால் வேறொருவரைக் கேட்பதும் தப்பே இல்லை.

ஜூன் 14 நள்ளிரவோடு தடை முடிகிறது. அதற்கு முன்னால் ஒரு சந்திப்பு வாங்கியிருக்கிறேன். படகு கிளம்பும் முதல் ராத்திரியை எப்படிக் கழிப்பது என்று மேடத்தோடு பேசித் திட்டம் போட வேண்டும். வீட்டுக்காரரும் கூட வருகிறேன் என்கிறார்.