அடி வாங்க ஒத்திகை பார்த்தவர்கள்

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா ஒரு செய்தி போட்டிருந்தார், படிக்கிற வயசில் கொடி பிடிப்பதெல்லாம் வெறும் ரத்தச் சூடு என்று. அவரோடு மல்லுக்கு நிற்க எனக்குத் தெம்பில்லை. ஆனால் அந்த ரத்தச் சூடு மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது, ஏனென்றால் மாணவர் போராட்டம் என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது 1960இல் அமெரிக்காவின் நாஷ்வில்லில் நடந்ததுதான், அதில் சூடு என்று எதையுமே காணோம்.

அதே நாட்டின் இன்னொரு ஊரான க்ரீன்ஸ்பரோவின் கதை பலருக்கும் தெரியும். அந்த வருஷம் பிப்ரவரி 1ஆம் தேதி நான்கு முதலாண்டு கறுப்பின மாணவர்கள் உல்வொர்த் கடைக்குப் போய், சில்லறைச் சாமான் வாங்கிவிட்டு, வெள்ளையருக்கு மட்டுமான சாப்பாட்டு கவுண்டரில் உட்கார்ந்து காபி கேட்டார்கள். பற்பசைக்குக் காசு நீட்டினால் வாங்கிக்கொள்கிற கடை, காபி தர மாட்டேன் என்றது. இரண்டே மாதத்தில் இந்த உள்ளிருப்பு ஐம்பதுக்கு மேற்பட்ட ஊர்களுக்குப் பரவிவிட்டது.

நாஷ்வில்காரர்களோ 1959இலேயே ஒரு தேவாலயத்தில் கூடிப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள். சொல்லிக்கொடுத்தவர் ஜேம்ஸ் லாசன். கொரியப் போர்க் காலத்தில் ராணுவத்துக்கு வர மாட்டேன் என்று சிறைக்குப் போனவர், அப்புறம் நாக்பூர் ஹிஸ்லாப் கல்லூரியில் வேலை பார்த்தபடி காந்தியின் வழிமுறையைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பியவர். பயிற்சி என்றால் சொற்பொழிவு இல்லை. நாற்காலிகளை வரிசையாகப் போட்டுப் பாதிப் பேர் உட்கார, மீதிப் பேர் வெள்ளைக்கார ரவுடிகளாக மாறி அவர்கள் முகத்தில் சிகரெட் புகையை ஊதுவார்கள், காது கூசத் திட்டுவார்கள், நாற்காலியிலிருந்து இழுத்துக் கீழே தள்ளுவார்கள். விழுந்தவர் தலையை எப்படிக் காப்பது, பக்கத்தில் இருப்பவர் எப்படிக் குறுக்கே வருவது, எல்லாவற்றையும் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார்கள். சொந்த நண்பனையே கெட்ட வார்த்தையில் திட்டிப் பழகுவதை நினைத்தால் எனக்கு அடி வாங்குவதைவிட அதுதான் கஷ்டமாகப் படுகிறது.

பிப்ரவரி 27 அன்று அது நிஜமாகவே நடந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிற உடுப்பில் வந்து, பாடப் புத்தகத்தோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர்களைக் கும்பல் அடித்து இழுத்துப் போட்டது. போலீஸ் கைது செய்ததோ அடிபட்டவர்களை. ஒரு வரிசையைக் கூட்டிப்போனால் அடுத்த வரிசை வந்து அதே ஸ்டூலில் உட்காரும். அன்றைக்கு மட்டும் 81 பேர். 50 டாலர் அபராதம் என்றார் நீதிபதி, கட்ட மாட்டோம், சிறைக்கே போகிறோம் என்றார்கள். சில நாளில் லாசனை வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் வெளியேற்றியது, அங்கே அவரும் ஒரு மாணவர்தான்.

சரி, பொறுமைக்கு மட்டும் ஊர் மசிந்துவிடுமா? கறுப்பின மக்கள் நகர மையக் கடைகளில் சாமான் வாங்குவதையே நிறுத்தினார்கள், அதுவும் ஈஸ்டர் வியாபார நேரத்தில். கல்லா காய்ந்ததும் முதலாளிகளுக்குக் காது கேட்க ஆரம்பித்தது. ஏப்ரல் 19 விடியற்காலையில் மாணவர்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் லூபியின் வீட்டில் குண்டு வெடித்தது. அன்றே ஆயிரக்கணக்கானவர்கள் கோஷம் எதுவும் போடாமல் நகர மன்றத்துக்கு நடந்தார்கள். படிக்கட்டில் நின்ற மேயர் பென் வெஸ்டிடம் ஃபிஸ்க் பல்கலைக்கழக மாணவி டயான் நாஷ், தோல் நிறத்தைப் பார்த்து ஒருவரை ஒதுக்குவது சரியா என்று நேருக்கு நேர் கேட்டார். சரியில்லை என்று மேயர் கூட்டத்தின் முன்னாலேயே ஒத்துக்கொண்டார். மே 10ஆம் தேதி ஆறு கடைகளின் கவுண்டர்கள் திறந்தன.

மாணவர்களுக்கென்று ஒருங்கிணைப்புக் குழு உருவானதும் அந்த ஏப்ரலில்தான். பெரியவர்களின் அமைப்புகளுக்கு வாலாக இருக்காதீர்கள், தனியாக நில்லுங்கள் என்று அவர்களை ஊக்கியவர் எலா பேக்கர் (Ella Baker) என்ற மூத்த உரிமைப் போராளி, அப்போது அவருக்கே 56 வயது.

அடுத்த வருஷம் மே மாதம், பேருந்துகளில் நிறப் பாகுபாட்டை எதிர்த்துக் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து போன விடுதலைப் பயணத்தின் பேருந்தை அலபாமாவில் ஒரு கும்பல் எரித்தபோது, பயணத்தை ஏற்பாடு செய்தவர்களே பாதியில் நிறுத்தலாம் என்றார்கள். நாஷ்வில் பிள்ளைகள் நாங்கள் தொடர்கிறோம் என்று கிளம்பினார்கள். கிளம்புவதற்கு முந்தின இரவு சிலர் உயில் எழுதினார்கள், இன்னும் சிலர் உறையில் போட்டு ஒட்டிய கடிதங்களை டயான் நாஷிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள்.