குன்னூர், தாண்டிக்குடி உயரத்தில் எடமாமே

எடமாமே தனிப் பயறு அல்ல. எண்ணெய்க்கும் மீல்மேக்கருக்கும் போகிற அதே சோயாதான். காய் முற்றும் முன்பே பச்சையாகப் பறித்து, உப்புநீரில் வேகவைத்து உரித்துச் சாப்பிடும் பருமணி ரகங்களை ஜப்பானில் அப்படி அழைக்கிறார்கள். பச்சை மொச்சையும் அவரையும் உரித்துப் பழகிய கைக்கு இது புதிதாகவே தோன்றாது. ஆனால் வெளிநாட்டு விதைப் பொட்டலத்தில் இருக்கும் குறிப்பை அப்படியே பின்பற்றினால் மலையில் விளைச்சல் சரியாகத் தேறாது.

காரணம் பகல் பொழுது. சோயா குறும்பகல் பயிர். பகல் நீண்டிருக்கும்வரை தண்டும் இலையுமாக வளரும். பகல் குறையும்போது பூக்கும். டோக்கியோவில் ஜூன் மாதப் பகல் ஏறத்தாழ 14 மணி 30 நிமிடம். நீலகிரியிலும் பழனி மலையிலும் ஆண்டின் மிக நீண்ட பகலே 12 மணி 45 நிமிடத்தை ஒட்டித்தான். அதனால் இங்கே எந்த மாதம் விதைத்தாலும் செடி முழங்கால் உயரம்கூட எட்டாமல் ஒரு மாதம், ஒன்றரை மாதத்திலேயே பூத்துவிடும். உரம் போதவில்லை என்று நினைத்து யூரியா அள்ளிப் போடுவதில் பயனில்லை. செடி குட்டையாகத்தான் இருக்கும் என்று ஏற்றுக்கொண்டு நெருக்கி நடுவதே வழி. பொட்டலத்தில் வரிசைக்கு வரிசை 2 அடி என்றிருந்தால், இங்கே 1 அடி. செடிக்குச் செடி 3 அங்குலம். ரகம் தேர்ந்தெடுக்க முடிந்தால், 'சீக்கிரம் காய்க்கும்' என்று எழுதியிருப்பதை விட்டுவிட்டு, தாமதமாக முதிரும் ரகத்தை எடுங்கள். அங்கே தாமதமானது இங்கே நடுத்தரமாகிவிடும். இந்தியாவிலேயே காய்கறிச் சோயா ரகங்கள் உண்டு: ராஞ்சி வேளாண் ஆராய்ச்சி மையத்தின் 'ஸ்வர்ண வசுந்தரா', பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தின் 'கருணே'. அவற்றின் விதை கிடைத்தால் இறக்குமதி விதையைத் தேடிப் போக வேண்டாம்.

4 அடி அகலம், 10 அடி நீளப் பாத்திக்கு 4 வரிசை, 160 குழி. குழிக்கு இரண்டு விதை போட்டு, முளைத்தபின் வலுவான ஒன்றை விட்டுவிடலாம். 100 விதையே 30 கிராமுக்கு மேல் எடை வரும் என்பதால் 100 கிராம் விதை வேண்டும். செடிக்கு 15 காய், காய்க்கு இரண்டரை கிராம் என்று கணக்கிட்டாலும் 6 கிலோ காய் வரும்.

அடுத்தது மண். தேயிலைக்குப் பிடித்த மண் சோயாவுக்குப் பிடிக்காது. நம் செம்மண்ணில் பி.எச். (அமில, கார அளவு; குறைந்தால் புளிப்பு மண்) 5-ஐ ஒட்டியே இருக்கும் இடங்கள் நிறைய. சோயாவுக்கு 6 முதல் 6.8 வேண்டும். மண் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. பி.எச். 5 என்றால், மேற்சொன்ன பாத்திக்கு 1 கிலோ டோலமைட் (ஒருவகைச் சுண்ணாம்புக்கல்) தூளை விதைப்புக்கு ஒரு மாதம் முன்பே தூவி, ஒரு சாண் ஆழம் கொத்திக் கலந்துவிடுங்கள். தொழுவுரத்தை அதனோடு சேர்த்துப் போட வேண்டாம், தழைச்சத்து ஆவியாகிப் போகும். மூன்று வாரம் கழித்து மட்கிய உரம் 10 கிலோ போட்டால் போதும்.

இந்த மலை மண்ணில் சோயா விளைந்த பழக்கம் இல்லாததால் அதன் வேரில் முடிச்சுக் கட்டும் நுண்ணுயிர், பிராடிரைசோபியம் ஜப்பானிக்கம், மண்ணில் இருக்க வாய்ப்புக் குறைவு. பலரும் தவறவிடும் இடம் இது. நிலக்கடலைக்கோ உளுந்துக்கோ விற்கும் ரைசோபியம் (வேர்முடிச்சு நுண்ணுயிர் உரம்) இங்கே வேலைக்கு ஆகாது. பொட்டலத்தில் சோயாவுக்கு என்று இருக்க வேண்டும், காலாவதித் தேதியையும் பாருங்கள். ஆறிய வடிகஞ்சி ஒன்றிரண்டு கரண்டியில் ஒரு கரண்டி ரைசோபியத்தைக் குழைத்து, 100 கிராம் விதையில் பூசி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி அன்றைக்கே விதைத்துவிடுங்கள். வெயிலில் காயவைத்தால் நுண்ணுயிர் செத்துப்போகும்.

மற்றப் பயறுபோல் விதையை ஊறவைக்கக் கூடாது. சோயா விதை தண்ணீரை மளமளவென்று குடித்து வெடித்து அழுகும். முந்தின நாள் பாத்திக்குத் தண்ணீர் விட்டு, மறுநாள் ஈரத்தில் 1 அங்குல ஆழத்தில் விதைத்து, செம்மண்ணுக்குப் பதிலாகச் சலித்த மட்குரத்தால் மூடுங்கள். பருப்பிரண்டும் மண்ணைப் பிளந்துகொண்டு மேலே வர வேண்டிய செடி இது. மேல்மண் இறுகினால் கழுத்து ஒடிந்துவிடும். சோயா விதைக்கு ஆயுள் குறைவு. போன ஆண்டு விதை என்றால், ஈரத்துணியில் 10 விதையைக் கட்டிவைத்து, 7 முளைத்தால் மட்டும் விதையுங்கள். முளை தலைகாட்டும் நாளில் குருவியும் மைனாவும் பருப்பைக் கொத்தும், இரவில் நத்தை மேயும். முதல் இரண்டு வாரம் வலை போட்டு வைக்க வேண்டும்.

எப்போது விதைப்பது? குன்னூர், கோத்தகிரியில் மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் முடிய. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே அறுவடை முடிந்துவிடும். தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் பிப்ரவரி கடைசியிலேயே தொடங்கலாம். கூடலூரில் ஜூன் மழைக்குமுன் முடிய, ஜனவரி, பிப்ரவரியில் பாசனத்தோடு. ஊட்டி, கொடைக்கானல் நகரம், மன்னவனூர் உயரத்தில் திறந்தவெளியில் முயல வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. பூக்கும் சமயத்தில் இரவு வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே போனால் பூ கொட்டும், இல்லாவிட்டால் மணி பிடிக்காத தட்டைக் காய்தான் தொங்கும். பசுமைக்குடிலோ பிளாஸ்டிக் கூடாரமோ இருந்தால் பார்க்கலாம்.

ஐந்தாம் வாரம் ஒரு செடியை மண்ணோடு பெயர்த்து வேரைக் கழுவிப் பாருங்கள். முடிச்சை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு தெரிய வேண்டும். வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் அது தழைச்சத்து பிடிக்கவில்லை. முடிச்சே இல்லாமல் இலையும் வெளிறியிருந்தால், கடலைப் புண்ணாக்கை ஊறவைத்துக் கரைத்து வாரம் ஒருமுறை ஊற்றி அந்தப் போகத்தைக் காப்பாற்றலாம்.

பூவில் பாதிக்குமேல் உதிர்வது சோயாவின் இயல்பு, பதற வேண்டாம். ஆனால் பூ விட்டதிலிருந்து மணி நிறையும்வரை மண் காயவே கூடாது. தண்ணீரை வேருக்கு விடுங்கள். மாலையில் இலைமேல் தெளித்தால், மூடுபனியும் சேர்ந்து துரு நோயை வரவழைக்கும். அடி இலையில் பழுப்புப் புள்ளி தெரிந்ததும் கிள்ளி அகற்றுங்கள். பச்சை நாவாய்ப்பூச்சி காயில் ஊசி போட்டதுபோல் உறிஞ்சினால் மணி சுருங்கிவிடும். காலைக் குளிரில் அது மந்தமாக இருக்கும், சோப்புத் தண்ணீர் வாளியில் தட்டிவிடுவது எளிது. காட்டுப்பன்றி, முள்ளம்பன்றி வரும் இடமானால் கம்பிவலையை மண்ணுக்குள் ஒரு அடி இறக்காமல் எதுவும் தங்காது.

சமவெளியில் 75, 80 நாளில் வருவது மலையில் 90 முதல் 105 நாள் எடுக்கும். மணிகள் ஒன்றையொன்று தொடும் அளவு பருத்து, காய் இன்னும் பளிச்சென்ற பச்சையாக இருக்கும்போது பறிக்க வேண்டும். மஞ்சள் தட்டினால் மாவாகிவிடும். அந்த வாய்ப்பு ஒரு வாரம், பத்து நாள்தான். ஆகவே பாத்தியை இரண்டாகப் பிரித்து இரண்டு வார இடைவெளியில் விதைப்பது நல்லது. காலையில் பறித்து அன்றைக்கே வேகவையுங்கள். பறித்த நிமிடத்திலிருந்தே இனிப்புக் குறையத் தொடங்கும்.

கால் கிலோ காய்க்கு 1 லிட்டர் தண்ணீர், 40 கிராம் உப்பு. காயின் இரு முனையையும் கத்தரித்து, அந்த உப்பில் கொஞ்சம் எடுத்துக் காயின் மயிர் போகத் தேய்த்து, கொதிநீரில் 4 முதல் 5 நிமிடம். பச்சையாகத் தின்னக் கூடாது, சோயாவில் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் உண்டு. வடித்த காயைக் குளிர்ந்த தண்ணீரில் போடாமல் முறத்தில் பரப்பி விசிறி ஆற்றுங்கள், உப்பு காயிலேயே தங்கும்.