வெள்ளிக்கிழமைப் பெடியள்

பள்ளிக்கூட மலர்க் குழுவினர் எதைப் பற்றியும் எழுதலாம் என்றார்கள். அதிபர்களைப் பற்றியும் இல்ல விளையாட்டுப் போட்டிகளைப் பற்றியும் எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் எங்கள் உயர்தர வகுப்பில் சிலரைப் பைத்தியமாக்கிய ஒரு கசற்றைப் பற்றி எழுதுகிறேன். இங்கிலாந்து ராக் குழுவான ரேடியோஹெட்டின் இரண்டாவது இசைத்தொகுப்பான 'த பெண்ட்ஸ்'.

அது இங்கிலாந்தில் 1995 மார்ச் 13இல் வெளியானது. அப்போது ஊரில் போர்நிறுத்தம். சித்திரை வருடப்பிறப்புக்கு லண்டனிலிருந்து வந்த நண்பனின் அண்ணா கசற்றைத் தம்பியிடம் கொடுத்துவிட்டுப் போனார். சில நாட்களிலேயே, ஏப்ரல் 19இல், எங்கள் திருகோணமலைத் துறைமுகத்தில் இரண்டு கடற்படைக் கப்பல்கள் தகர்க்கப்பட்டன. போர் மறுபடி தொடங்கிவிட்டது. பொழுதுபட்டால் யாரும் வெளியே போவதில்லை. ரியூசன் முடிந்து இருட்டுவதற்குள் உவர்மலையில் நண்பன் வீட்டு முன்னறையில் கூடுவோம். பெரிதாகச் சத்தம் வைக்க முடியாது. ரேடியோவைச் சுற்றித் தலைகளைக் குவித்துக்கொண்டு கேட்டோம்.

இந்தக் குழுவினரும் எங்களைப்போல ஒரே பள்ளிக்கூடத்துப் பெடியள் என்பது பிறகுதான் தெரியவந்தது. ஒக்ஸ்போர்ட்ஷயரில் அபிங்டன் பாடசாலை. அங்கே இசை அறையில் வெள்ளிக்கிழமைகளில் பழகியதால் 'ஒன் எ ஃபிரைடே' என்றே குழுவுக்குப் பெயர் வைத்திருந்தார்கள். பாடகர் தொம் யோர்க், கொலின் கிறீன்வுட், அவருடைய தம்பி ஜொனி, எட் ஓபிரையன், பில் செல்வே என்று ஐந்து பேர். ஒருவர் எக்ஸிட்டர், ஒருவர் மான்செஸ்டர், ஒருவர் கேம்பிரிட்ஜ் என்று படிக்கப் போன பிறகும், விடுமுறைக்கு ஊர் வந்தால் சேர்ந்து வாசித்தார்கள். 1991இல் ஈ.எம்.ஐ. இசைத்தட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் ஆனது, பெயரும் ரேடியோஹெட் என்று மாறியது.

முதல் தொகுப்பு 1993இல் வந்தது. அதிலிருந்த 'கிரீப்' உலகமெங்கும் ஓடியது. அதுவே பிறகு பாரமாகிவிட்டது. ஒரு பாட்டோடு முடிந்துபோகிற குழு என்று பேசினார்கள். 1994இல் லண்டன் ஆர்.ஏ.கே. ஸ்டூடியோவில் ஜோன் லெக்கியின் தயாரிப்பில் இரண்டாவது தொகுப்பின் வேலை தொடங்கியபோது, கம்பனி அடுத்த வெற்றிப் பாட்டுக்காக நெருக்கியது, பதிவு நகரவேயில்லை. இடையில் நிறுத்திவிட்டு மேடைகளுக்குப் போய்விட்டார்கள். 'மை அயன் லங்' பாட்டுக்கு மே மாதம் லண்டன் அஸ்டோரியா மேடையில் வாசித்த பதிவையே எடுத்துக்கொண்டு, யோர்க் குரலை மட்டும் மறுபடி பாடிச் சேர்த்தார். அயன் லங் என்பது மூச்சுவிட முடியாத நோயாளியை உள்ளே வைத்து உயிர்காக்கும் இயந்திரம். எங்களை உயிரோடு வைத்திருப்பதும் கட்டிப்போட்டிருப்பதும் 'கிரீப்'தான் என்ற ஆற்றாமை அதில் கொதிக்கும். 'ஜஸ்ட்' என்ற பாட்டோ, ஒரே பாட்டுக்குள் எத்தனை கோர்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) போடலாம் என்று யோர்க்கும் ஜொனியும் போட்டி போட்டதில் பிறந்தது. கடைசி வாங்கில் இருந்த எவருக்கும் அந்தப் போட்டி விளங்கும்.

எனக்கு எல்லாவற்றிலும் பெரியது பன்னிரண்டாவது பாட்டு, 'ஸ்ட்ரீட் ஸ்பிரிட்'. தந்தி தந்தியாகப் பிரித்து மீட்டுகிற கிற்றார் தொடங்கினால் பாட்டோடு கடைசிவரை சுற்றிக்கொண்டே வரும். ஒருநாள் அது போய்க்கொண்டிருக்கும்போது, பக்கத்து வீட்டில் இருந்த எங்கள் சங்கீத ரீச்சர் படலையைத் திறந்துகொண்டு வந்தார். ஏச்சு விழப்போகிறது என்று நண்பன் ரேடியோவை நிறுத்திவிட்டான்.

"ஏன் தம்பி நிப்பாட்டினீங்கள்? முதலிலிருந்து போடுங்கோ."

நின்றபடியே கேட்டார். வலதுகை விரல்கள் தொடையில் மெல்லத் தட்டின. யோர்க் குரலை இழுக்கிற இடத்தில் கூடவே சுரம் பாடிப் பார்த்தார். "நடபைரவி ராகத்துச் சுரங்கள்" என்றார். அடுத்த கிழமை வயலினோடு வந்து, கசற்றுக்குச் சுதி சேர்த்து, பாடகரின் வரியை அப்படியே வாசித்தார். வயலின் அந்தப் பாட்டுக்கு அவ்வளவு பொருந்தும் என்று நாங்கள் நினைத்தே பார்த்ததில்லை.

1997இல் வந்த 'ஓகே கம்பியூட்டர்' தான் இவர்களுடைய உச்சம் என்று பலரும் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதில் கைதேர்ந்த கலைஞர்களைக் கேட்கிறோம். 'த பெண்ட்ஸ்'ஸில், விட்டுவிட்டுப் போயிருக்கக்கூடிய நேரத்தில் போகாமல் நின்ற ஐந்து நண்பர்களைக் கேட்கிறோம். எங்களில் ஒருவன் இன்னும் உவர்மலையில் இருக்கிறான், மற்றவர்கள் ரொறன்ரோ, லண்டன், சிட்னி. எங்களுக்கு அப்படிச் சேர்ந்திருக்கக் கொடுத்துவைக்கவில்லை. அதனால்தான் இது எனக்கு இவ்வளவு முக்கியம்.

இந்த வருட ஒன்றுகூடலில் 'ஸ்ட்ரீட் ஸ்பிரிட்' வாசிக்க இருக்கிறோம். லண்டன்காரனும் வருகிறான். கிற்றாருக்கு ஆள் உண்டு, வயலினுக்குத்தான் இல்லை. ரீச்சரிடம் படித்தவர்கள் யாராவது இருந்தால் செயலாளரிடம் பெயரைக் கொடுங்கள். சுரம் எழுதிய தாளை நானே அனுப்பிவைக்கிறேன்.