லீகல் பார்த்தாயிற்று என்றால் என்ன பார்த்தாயிற்று?

பல்லடத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் 6 சென்ட் இடத்தையும் அதில் இருந்த ஓட்டு வீட்டையும் 2019-ஆம் ஆண்டு வாங்கினேன். கிரயம் பேசி முன்பணம் கொடுத்தவுடன், எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதைப் போல, பத்திரங்களின் நகல்களை ஒரு வழக்கறிஞரிடம் கொடுத்து லீகல் ஒப்பீனியன் கேட்டேன். மூன்றாம் நாள் நான்கு பக்கக் கருத்துரை கைக்கு வந்தது. விற்பவருக்குத் தெளிவான உரிமை இருக்கிறது என்றும், சொத்தில் வில்லங்கம் ஏதும் இல்லை என்றும் அதன் கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தது. "லீகல் பார்த்தாச்சுங்களா?" என்று கேட்ட உறவினர்கள் எல்லோரிடமும் பார்த்தாயிற்று என்றுதான் சொன்னேன். இரண்டு ஆண்டுகள் கழித்து, விற்றவருடைய தங்கை தொடுத்த பாகப்பிரிவினை வழக்கில் என்னையும் ஒரு பிரதிவாதியாகச் சேர்த்து நீதிமன்ற அழைப்பாணை வந்தது.

வழக்கின் விவரம் சிக்கலானதன்று. இடம் அவர்களுடைய பாட்டன் வழிப் பூர்வீகச் சொத்து. 1994-இல் தகப்பனாரும் மூன்று மகன்களும் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்திருக்கிறார்கள். அந்தப் பத்திரத்தில் மகளின் பெயர் எந்த இடத்திலும் இல்லை. அவருக்குத் திருமணம் நடந்தது 1991-இல். இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த திருத்தம் நடைமுறைக்கு வந்த நாள் 25.3.1989. அன்றைக்குத் திருமணமாகாமல் இருந்த மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனைப் போலவே பிறப்புரிமை உண்டு என்று அந்தத் திருத்தம் சொல்கிறது. எனவே மகள்கள் எல்லோருக்கும் அதே உரிமையைக் கொடுத்த 2005-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத் திருத்தம் வரைக்கும் போக வேண்டிய தேவையே அந்த அம்மாளுக்கு இருக்கவில்லை. தன்னை விட்டுவிட்டுப் பத்திரம் எழுதிய செய்தியே வெகுகாலம் தனக்குத் தெரியாது என்று அவர் மனுவில் சொல்லியிருந்தார்.

அவர் மீது எனக்கு அன்றும் வருத்தமில்லை, இன்றும் இல்லை. கொங்கு நாட்டுக் குடும்பங்களில் பெண்ணுக்கு நகை போட்டு, சீர் செய்து அனுப்பிவிட்டால் பூமியில் அவளுக்குப் பேச்சில்லை என்பது நெடுநாளைய வழக்கம். சட்டம் மாறிய பிறகும், "பொறந்தவளுக்குச் சீர் செஞ்சாச்சு" என்ற ஒரே சொல்லோடு எழுதி முடித்த பாகப்பிரிவினைகள் கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் ஏராளமாக உள்ளன. இந்த வழக்கத்தை அறியாத வழக்கறிஞர் இந்தப் பகுதியில் ஒருவர்கூட இருக்க முடியாது. அப்படியிருக்க, 1994-ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினை ஒன்றில் ஆண்களின் பெயர்கள் மட்டுமே இருப்பதைப் பார்த்தவுடன் மகள்கள் உண்டா, அவர்களுக்கு எந்த ஆண்டில் திருமணம் நடந்தது என்று கேட்டிருக்க வேண்டாமா என்பதுதான் என் மனத்தாங்கல். அந்த வழக்கறிஞரிடமே போய்க் கேட்டேன். "நீங்க கொடுத்த பத்திரத்தை எல்லாம் பார்த்துத்தானுங்க எழுதினேன். கொடுக்காததை எப்படிங்க பார்க்கிறது?" என்றார்.

அந்தப் பதிலைப் பல நாட்கள் நினைத்துப் பார்த்திருக்கிறேன். வாங்குகிறவர், வழக்கறிஞர் எல்லாவற்றையும் தேடிப் பார்த்துவிட்டார் என்று நம்புகிறார். வழக்கறிஞரோ, தன் மேசைக்கு வந்த பத்திரக் கட்டைப் படித்துச் சொல்வதோடு தன் கடமை முடிந்தது என்று கொள்கிறார். வங்கிக் கடன் வாங்கினால், வங்கியின் வழக்கறிஞர் ஒருவர் தனியாகப் பார்ப்பார். ஆனால் அவர் எழுதுவது வங்கிக்காக, கடன் திரும்பி வருவதற்கு அந்தச் சொத்து போதுமா என்ற கண்ணோடு எழுதுவது. சார்பதிவாளர் பார்க்க மாட்டாரா என்று கேட்பவர்களும் உண்டு. விற்பவரின் முந்தைய மூலப்பத்திரத்தைக் காட்டினால்தான் பதிவு என்ற தமிழ்நாட்டின் பதிவு விதி 55-ஏ(1) செல்லாது என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று ஆராய்வது பதிவு அலுவலரின் வேலை அன்று என்பதைத் தெளிவாகவே சொன்னது. ஆகவே கட்டில் இல்லாததைத் தேடும் பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கு, நம் ஊர் நடைமுறையில் ஒருவரும் கையெழுத்துப் போட்டுப் பதில் சொல்வதில்லை.

வில்லங்கச் சான்றின் மீது நாம் வைத்திருக்கும் நம்பிக்கையும் இதற்கு ஒரு காரணம். பதிவுத்துறையின் இணையதளத்தில் 1975-ஆம் ஆண்டு முதலான பதிவுகளைப் பார்க்க முடிவதால், இருந்த இடத்திலிருந்தே முப்பது நாற்பது ஆண்டு வரலாற்றை எடுத்துவிடுகிறோம். ஆனால் அந்தச் சான்று சொல்வது, குறிப்பிட்ட சர்வே எண்ணின் பேரில் பதிவான ஆவணங்கள் இவை என்பதை மட்டுமே. உட்பிரிவு எண் மாறியிருந்தால் பழைய எண்ணையும் போட்டுத் தேட வேண்டும். கிராமம் ஒரு சார்பதிவகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறியிருந்தால், பழைய அலுவலகத்தின் பதிவையும் பார்த்தாக வேண்டும். எழுதி வைத்துவிட்டுப் பதியாமல் விட்ட உயிலோ, மூலப்பத்திரத்தை யாரிடமோ ஒப்படைத்துக் கைமாற்றாக வாங்கிய கடனோ அதில் வராது. நிலுவையில் இருக்கும் வழக்கும் பெரும்பாலும் வராது. ஆனால் வழக்கு நடக்கும்போது வாங்கியவரைத் தீர்ப்பு கட்டுப்படுத்தும் என்று 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 52-ஆம் பிரிவில் சொல்கிறது. எங்கள் பக்கத்துக்கே உரிய சிலவும் உண்டு. தோட்டத்தை உடைத்துச் சைட் போட்ட இடங்களில், பழைய பத்திரத்தின் சொத்து விவரத்தில் "கிணற்றில் 4-இல் 1 பாகமும், மாமூல் வழிநடை வண்டித்தடப் பாத்தியமும்" என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியை நான்காவது, ஐந்தாவது கிரயத்தில் விட்டுவிடுவார்கள். ஆனால் இட்டேரியில், அதாவது வேலிகளுக்கு நடுவே போகும் தடத்தில், நடந்து வருகிறவருக்கு உள்ள உரிமை அதனால் போய்விடாது. உயர்மின் கோபுரக் கம்பி மேலே போகும் நிலத்தையும், எரிவாயுக் குழாய்க்காக அறிவிக்கை வெளியான நிலத்தையும், வீட்டுவசதி வாரியம் கையகப்படுத்தப் பட்டியலிட்ட நிலத்தையும் வில்லங்கச் சான்றை மட்டும் வைத்து அடையாளம் காண முடியாது. நிலத்தின் எல்லையையும் அளவையும் காட்டும் புலப்படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நேரில் போய் நிற்பதற்கு ஈடாக எதுவும் இல்லை.

என் தங்கை மகன் இங்கிலாந்தில் லீட்ஸ் நகருக்கு அருகே வீடு வாங்கியபோது, அங்கே அவனுக்காகச் சட்ட வேலைகளைப் பார்த்த சொலிசிட்டர் என்ற வழக்கறிஞர் செய்த வேலையை அருகிருந்து கேட்டுத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அங்கே தேடுதல் என்பது பெயர் சொல்லி, கட்டணம் கட்டிச் செய்யும் தனி வேலை. உள்ளாட்சிப் பதிவுகள், குடிநீர் மற்றும் கழிவுநீர்க் குழாய்கள், சுற்றுச்சூழல் எனத் தனித்தனி அறிக்கைகளைச் சொலிசிட்டரே வரவழைக்கிறார்; பழைய நிலக்கரிச் சுரங்கப் பகுதி என்பதால் சுரங்கத்துக்கும் ஓர் அறிக்கை வாங்கினார். கடன் கொடுப்பவர்களின் பொது விதிமுறைப்படி, வாங்கும் நாளில் அந்த அறிக்கைகளுக்கு ஆறு மாதத்துக்கு மேல் வயதாகியிருக்கக் கூடாது. அறிக்கை வந்தால் மட்டும் போதாது, அதில் உள்ளதை வாங்குகிறவருக்கு எடுத்துச் சொல்லவும் வேண்டும். லண்டனில் 2.5 கோடி பவுண்டுக்கு மேல் விலை பேசிய ஒரு வீட்டுக்கு அருகில் பெரிய பள்ளிக்கூடம் வரவிருந்த செய்தி தேடுதல் அறிக்கையில் இருந்தும், சொலிசிட்டர்கள் அதை வாங்குகிறவருக்குச் சொல்லாமல் விட்டதற்காக அவர்களே இழப்பீடு தர வேண்டும் என்பதை 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதி செய்தது. சொலிசிட்டர் நிறுவனங்கள் தொழில்முறைத் தவறுகளுக்குக் காப்பீடு எடுத்தே தீர வேண்டும் என்பதால், அப்படிப்பட்ட தீர்ப்பு காகிதத்தோடு நின்றுவிடுவதில்லை. அங்கேயும் தேடுதலுக்கு எல்லை உண்டு. உள்ளாட்சி அறிக்கை பொதுவாக வாங்கும் இடத்தைப் பற்றியே பேசும், பக்கத்து இடத்தைப் பற்றிப் பேசாது. ஆனால் அந்த எல்லை எது என்பது வாங்குகிறவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது.

இங்கே நிலைமை வேறு. வங்கிக் கடனுக்காகத் தவறான சட்டக் கருத்துரை கொடுத்ததாக ஐதராபாத் வழக்கறிஞர் ஒருவர் மீது மத்தியப் புலனாய்வுத் துறை தொடர்ந்த வழக்கில், 2012 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மோசடியில் பங்கு கொண்டதற்குச் சான்று இல்லாதபோது, கருத்துரை தவறிப்போனது என்பதற்காக மட்டும் வழக்கறிஞரைக் குற்றவாளி ஆக்க முடியாது என்றது. பெரும் கவனக்குறைவு நிரூபணமானால் அதற்கு வேறு வழியில் பொறுப்பேற்க நேரிடலாம் என்றும் சொன்னது. அது நியாயமான தீர்ப்பு என்றே நினைக்கிறேன். 2024 மே 14 அன்று, வழக்கறிஞரின் பணி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்றும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே என்னைப் போன்றவருக்கு மிஞ்சியிருப்பவை, உரிமையியல் நீதிமன்றத்தில் இழப்பீடு கேட்பதும் பார் கவுன்சிலிடம் புகார் செய்வதும் மட்டுமே. இரண்டையும் நான் செய்யவில்லை. 5,000 ரூபாய்க் கட்டணத்துக்கு வாங்கிய கருத்துரையில் எதைத் தேட வேண்டும் என்று நானும் எழுதிக் கொடுக்கவில்லை, எதைத் தேடவில்லை என்று அவரும் எழுதவில்லை. அந்த நிலையில் எதை நிரூபிப்பது?

வழக்கு சமரசத்தில் முடிந்தது. அண்ணன்மார் ஒரு பகுதியும் நான் ஒரு பகுதியுமாகப் பணம் கொடுத்தோம். அந்த அம்மாள் தன் பாகத்தை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். சார்பதிவகத்தில் கைரேகை வைத்துவிட்டு வெளியே வந்தவர், "வீட்டை நல்லா வச்சுக்கங்க தம்பி, எங்க அப்பன் கட்டுனது" என்றார்.

சென்ற ஆண்டு என் மகளுக்காகக் கோபிச்செட்டிபாளையம் பக்கத்தில் ஒரு வீடு பார்த்தபோது, வயதான வழக்கறிஞர் ஒருவரிடம் போனோம். கட்டை அவர் உடனே பிரிக்கவில்லை. மேசையில் கிடந்த ஒரு கல்யாணப் பத்திரிகை உறையைத் திருப்பி, அதில் விற்பவருடைய பாட்டனாரின் பெயரை எழுதிக் கோடு இழுத்தார். "பொறந்தவ எத்தனை பேருங்க? எந்த வருசம் கட்டிக் கொடுத்தாங்க?" என்று விற்பவரிடம் கேட்டுக் கேட்டுக் கிளைகளை நிரப்பினார். ஒரு கிளையின் நுனியில் கேள்விக்குறி போட்டார். அந்தப் பெயருக்கு வாரிசுச் சான்று வந்த பிறகே பத்திரங்களைத் தொட்டார். இருபது நாட்களுக்கு மேல் ஆயிற்று. கட்டணமும் முன்பு கொடுத்ததைப் போல மூன்று மடங்கு.

அவர் கொடுத்த கருத்துரையின் கடைசிப் பத்தியில், தான் பார்க்காதவை எவை என்று தனியாக எழுதியிருந்தார். கீழமை நீதிமன்றங்களில் நிலுவை வழக்குகளைப் பெயர் போட்டுத் தேடியது எந்த ஆண்டிலிருந்து என்று அதில் இருந்தது. 1975-க்கு முந்தைய பதிவுகளில் ஒரு பத்தாண்டை மட்டும் அலுவலகத்தில் கையால் தேடியதாக இருந்தது. கிழக்குப் பக்க இட்டேரியின் அகலத்தைச் சர்வேயரை வைத்து அளந்து பார்த்த பிறகே கிரயம் செய்ய வேண்டும் என்றும் எழுதியிருந்தது. அளந்து பார்த்தோம். புலப்படத்தில் உள்ளதை விட நான்கு அடி குறைவாக இருந்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் வேலியைத் தள்ளிப் போட்டிருந்தார். அவர் வேலியைப் பழைய இடத்துக்கே நகர்த்திய அடுத்த வாரம் பத்திரம் பதிந்தோம்.