எச்சிலில் எம்.டி.ஏ. அளந்த கதை: முதல் தொகுதி குப்பைக்குப் போனது ஏன்?

எத்திக்ஸ் கமிட்டி அனுமதி, ஒப்புதல் படிவம் எல்லாம் தொந்தரவில்லாமல் முடிந்தன. ஈறு நோயாளிகளின் எச்சிலில், கொழுப்பு ஆக்சிஜனேற்றமடையும்போது உண்டாகும் மாலோன்டைஆல்டிஹைட் (எம்.டி.ஏ.) கூடுதலாக இருக்கும் என்பதும் எதிர்பார்த்ததுதான். ஆனால் முதல் தொகுதி சாம்பிள்களில் நோயாளிகளின் எம்.டி.ஏ. அளவு எகிறிய எகிறலை நம்ப முடியவில்லை. ரசாயனங்களைச் சந்தேகித்தே ஒரு வாரம் வீணானது. தப்பு நடந்த இடம் ஆய்வகமே அல்ல, பல் நாற்காலி. ஈற்றுப் பையின் (பல்லுக்கும் ஈறுக்கும் இடையே உள்ள இடைவெளியின்) ஆழத்தை புரோப் என்ற அளவுக் கம்பியால் அளந்து முடித்த பிறகு எச்சில் எடுத்திருந்தோம்.

வீங்கிய ஈற்றில் புரோப் பட்டால் ரத்தம் கசியும். அதோடு பிளாஸ்மாவின் கொழுப்பும் ஹீம் இரும்பும் எச்சிலில் கலக்கும். எம்.டி.ஏ.வோடு சேர்ந்து நிறம் தரும் தயோபார்பிட்யூரிக் அமிலத்தை (டி.பி.ஏ.) வைத்துச் செய்யும் சோதனையில் சாம்பிளை 95 டிகிரியில் சூடாக்கும்போது அந்த இரும்பு கொழுப்பை மேலும் ஆக்சிஜனேற்றி, வாயில் இல்லாத எம்.டி.ஏ.வை டியூபுக்குள்ளேயே உண்டாக்கிவிடும். நல்ல ஈறு உள்ளவர்களுக்கு ரத்தம் வராது என்பதால் இரு குழுக்களுக்கும் இடையே வித்தியாசம் பிரமாதமாகத் தெரியும். ஆசைப்பட்ட முடிவு வந்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், அதுதான் வம்பு.

ஆகவே எச்சில் முதலில், புரோப் பிறகு. காலை 9 முதல் 11 மணிக்குள், சாப்பிட்டோ பல் துலக்கியோ குறைந்தது ஒரு மணி நேரம் கழிந்த பின், தலையைக் குனிந்து தானாக வடிய விட வேண்டும். துப்பச் சொன்னால் நுரைதான் மிஞ்சும். நுரையில் மில்லிலிட்டர் கோட்டைப் பார்ப்பது ஏமாற்று வேலை. காலி டியூபை எடை போட்டு வைத்து, பிறகு மீண்டும் போடுங்கள். 1 கிராமை 1 மில்லிலிட்டராகக் கொள்ளலாம். நேரத்தையும் குறித்தால் சுரப்பு வேகம் கிடைக்கும். நிமிடத்துக்கு 0.1 மில்லிலிட்டருக்குக் கீழே சுரக்கும் வறண்ட வாய்க்காரர்களிடம் எல்லாமே செறிந்துதான் தெரியும்.

ரத்தக் கலப்பைப் பிடிக்கச் சிறுநீர் சோதனைப் பட்டையை நம்பாதீர்கள். அது ஹீமோகுளோபினின் பெராக்சிடேஸ் போன்ற செயலைக் காட்டுவது; எச்சிலிலேயே பெராக்சிடேஸ் நொதி இருக்கிறது. ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதமான டிரான்ஸ்ஃபெரினின் அளவு பார்ப்பதே உருப்படியான வழி. இளஞ்சிவப்பாகத் தெரியும் சாம்பிளைத் தயங்காமல் ஒதுக்குங்கள்.

இரண்டாவது அடி மூடியில் விழுந்தது. சாதாரண மைக்ரோ டியூபின் மூடி சூட்டில் படக்கென்று திறந்து நீர் ஆவியாகிவிட்டது. ஒரே சாம்பிளின் இரண்டு டியூபுகள் இரண்டு ரீடிங் கொடுத்தன. திருகு மூடி டியூபுக்கு மாறிய அன்றே ஜோடி ரீடிங்குகள் ஒத்துப் போயின. அன்றைக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. சூடாக்கும் முன், டியூபுக்குள் புதிதாக ஆக்சிஜனேற்றம் நடப்பதைத் தடுக்கும் பி.எச்.டி. (BHT) சேர்ப்பதை விடவே கூடாது. டி.பி.ஏ. குளிர்ந்த நீரில் லேசில் கரையாது, வெதுவெதுப்பாக்குங்கள். ஸ்டாண்டர்டுகளையும் (அளவு தெரிந்த ஒப்பீட்டுக் கரைசல்களையும்) சாம்பிள்களோடு சேர்த்தே சூடாக்குங்கள். ஒவ்வொரு சாம்பிளுக்கும் டி.பி.ஏ. இல்லாத பிளாங்க் ஒன்று வைத்து, அதன் ரீடிங்கை 532 நானோமீட்டரில் வரும் சாம்பிள் ரீடிங்கிலிருந்து கழித்துவிடுங்கள்.

மைனஸ் 80 டிகிரியில் வைத்த எச்சிலை உருக்கியதும் அதன் வழவழப்பான புரதமான மியூசின் திரிந்து நிற்கும், மறுபடி சென்ட்ரிஃபியூஜ் செய்யாமல் பிப்பெட் வைக்காதீர்கள். முதலிலேயே சிறு சிறு பங்காகப் பிரித்து உறைய வைத்தால் திரும்பத் திரும்ப உருக்க வேண்டியதில்லை.

எச்சிலின் மொத்த ஆன்டிஆக்சிடன்ட் (ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும்) திறனை அளக்க, இரும்பு அயனியை ஒடுக்கும் ஆற்றலைப் பார்க்கும் ஃப்ராப் (FRAP) முறை எளிது: 593 நானோமீட்டர், நீல நிறம். ஆனால் அந்த நீலத்தில் பெரும்பங்கு யூரிக் அமிலத்துடையது. இன்னொரு ஆன்டிஆக்சிடன்டான குளுட்டதயோனை இந்த முறை ஏறக்குறையக் கண்டுகொள்வதே இல்லை. யூரிக் அமிலத்தைத் தனியாக அளக்காமல் 'இவர் வாயில் பாதுகாப்பு அதிகம்' என்று எழுதினால், அவர் ரத்தத்தில் யூரிக் அமிலம் கூடியிருப்பதைத்தான் எழுதியிருப்பீர்கள்.

டி.என்.ஏ.வின் ஆக்சிஜனேற்றச் சேதத்தைக் காட்டும் 8-ஓ.எச்.டி.ஜி.யை அளக்க எலைசா (ஆன்டிபாடி வைத்து அளக்கும்) கிட் வாங்கினால் அது போட்டி முறையா, அதாவது சாம்பிளில் உள்ள பொருளும் கிட்டில் உள்ள பொருளும் ஆன்டிபாடிக்குப் போட்டியிடும் முறையா என்று பாருங்கள். அதில் நிறம் குறைந்தால் பொருள் அதிகம். ஸ்டாண்டர்ட் கோடு கீழே இறங்குவதைப் பார்த்து 'கிட் கெட்டுப்போச்சு' என்று கம்பெனிக்குப் புகார் அனுப்பும் அளவுக்குப் போய்விட்டோம். கிட் சரியாகத்தான் இருந்தது.