ஓ.சி.ஐ. அட்டைக்காக முன்னோரைத் தேடியபோது

2024 மார்ச்சில் மொரிசியஸ் தேசிய தின விழாவுக்கு வந்த இந்தியக் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு, இங்குள்ள இந்திய வம்சாவளியினரில் ஏழாம் தலைமுறைக்கும் ஓ.சி.ஐ. அட்டை, அதாவது 'வெளிநாட்டு இந்தியக் குடிமகன்' என்ற அட்டை, உண்டு என்று அறிவித்தார். அதுவரை பொது விதிப்படி கொள்ளுப்பேரன், கொள்ளுப்பேத்தியோடு கதவு அடைபட்டுவிடும். எங்கள் வீட்டில் யாரும் அதற்குள் வரமாட்டோம். ரோஸ் ஹில்லில் இருக்கும் என் மாமா, "நீ தமிழ் வாத்தியார், பழைய தாளெல்லாம் உனக்குத்தான் சரிப்படும். என்னுடையதையும் சேர்த்துப் பார்த்துடுப்பா" என்று சொல்லிவிட்டார்.

படிவம் பெரிய வேலை இல்லை. இணையத்தில் நிரப்பி, படமும் கையெழுத்தும் ஏற்றி, அப்புறம் அசல் தாள்களோடு போர்ட் லூயியில் இருக்கும் இந்திய ஹை கமிஷனுக்குப் போக வேண்டும். கஷ்டமெல்லாம் வம்சத்தை நிரூபிப்பதில்தான். நான் யார் பிள்ளை, அவர் யார் பிள்ளை என்று பிறப்பு, திருமணப் பதிவுகளைக் கோத்துக்கொண்டே கப்பலில் வந்து இறங்கியவர் வரை போக வேண்டும்.

நம் வழக்கத்தில் அப்பா பெயர்தான் பிள்ளை பெயரோடு சேரும். கரும்புத் தோட்டக் காலத்துப் பதிவுகளிலும் அப்படியே எழுதி வைத்திருக்கிறார்கள். அதனால் என் அப்பா வழியில் தலைமுறைக்கு ஒரு குடும்பப் பெயர். போதாததற்கு, எழுதியவர் காதில் விழுந்ததுதான் எழுத்து. ஒரே முத்துசாமி ஒரு தாளில் மூட்டூசாமி, மகனின் திருமணப் பதிவில் முட்டுசாமி. எல்லாம் ஒரே ஆள்தான் என்று சத்தியப் பிரமாணப் பத்திரம் எடுத்து வைக்க வேண்டியதாயிற்று.

காப்பாற்றியது எண். 1834 முதல் 1920 வரை ஏறத்தாழ 5 லட்சம் ஒப்பந்தத் தொழிலாளர்கள் இந்தியாவிலிருந்து இங்கே வந்து, இன்று ஆப்ரவாசி காட் என்று அழைக்கப்படும் துறையில் இறங்கினார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். பிள்ளைகளின் பிறப்புப் பதிவிலும் அந்த எண்ணைப் பல இடங்களில் குறித்திருக்கிறார்கள். அதை எடுத்துக்கொண்டு மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். பெயரை மட்டும் சொன்னால் முத்துசாமிகளுக்குக் கணக்கே கிடையாது. எண்ணைச் சொன்னதும் பக்கம் வந்தது.

கப்பல் பெயர், அவருடைய அப்பா பெயர், வயது, சாதி, உயரம். மாவட்டம் தஞ்சாவூர். ஊர்ப் பெயரில் முதல் இரண்டு எழுத்துதான் தெரிந்தது, மற்றது மை கலைந்து போயிருந்தது. அடையாளம் என்ற இடத்தில் இடது கண்ணுக்குக் கீழே தழும்பு. தோட்டத்தை விட்டு ஓடினால் பிடித்து வருவதற்காக எழுதி வைத்த விவரம் அது. அந்த மனிதரை அடக்கி வைத்த ஏட்டிலிருந்து நகல் வாங்கித்தான் அவர் வம்சம் இன்று தன் உரிமையைக் கேட்கிறது. நகலைக் கையில் வாங்கியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

மாமாவின் வழி வேறு. அம்மா குடும்பம் போர்ட் லூயியின் பழைய தமிழ்க் குடும்பம். 1735க்குப் பிறகு ஆளுநர் லா பூர்தொனே காலத்தில் புதுச்சேரியிலிருந்து கொண்டுவரப்பட்ட கல்தச்சர், தச்சர் பரம்பரை என்று வீட்டில் சொல்வார்கள். கூலிக் கப்பலுக்கு நூறு வருஷம் முந்தியவர்கள். அவர்களுக்கு எண்ணும் இல்லை, ஏடும் இல்லை; தலைமுறை எண்ணினாலும் ஏழைத் தாண்டிவிடும். ஒப்பந்தக் காலத்தை மனதில் வைத்துத்தான் இந்த ஏழு போடப்பட்டிருக்கிறது என்று எனக்குப் படுகிறது. இந்தத் தீவில் துறைமுகம் கட்டிய முதல் தமிழர்கள் அந்தக் கணக்கில் விழவில்லை என்பது எனக்கு மனத்தாங்கல்தான்.

இதில் அரசியல் இல்லாமல் இல்லை. அந்த அறிவிப்புக்குச் சில நாள் முன்புதான், பிப்ரவரி 29 அன்று, மொரிசியஸுக்குச் சொந்தமான அகலேகா தீவில் இந்தியா கட்டித் தந்த விமான ஓடுதளமும் படகுத்துறையும் திறக்கப்பட்டன. 2025 மார்ச்சில் மோடி இங்கே வந்தபோது பிரதமர் நவீன் ராம்கூலாமுக்கும் அவர் மனைவிக்கும் தன் கையாலேயே இந்த அட்டையைக் கொடுத்தார். இந்தியப் பெருங்கடலில் நட்பு தேடும் நாடு, கடல் தாண்டிப் போனவர்களின் பிள்ளைகளை நினைத்துக்கொள்கிறது. நினைக்கட்டும். ஆனால் பெயரில் குடியுரிமை இருக்கிறதே என்று யாரும் ஏமாற வேண்டாம்: வாக்குரிமை கிடையாது, விவசாய நிலம் வாங்க முடியாது. ஆயுள் முழுக்க விசா கேட்காமல் போய்வரலாம், தங்கலாம், படிக்கலாம். எனக்கு அது போதும். தஞ்சாவூர்ப் பக்கம் அந்த இரண்டு எழுத்தில் தொடங்கும் ஊர்களைத் தேட அவகாசம் வேண்டும்.

மாமாவுக்கு வழி கிடைத்தது அவருடைய பாட்டி மூலம். அவர் தோட்டத்துப் பெண், கப்பலில் வந்தவரின் பேத்தி. கோயிலில் நடந்த கல்யாணம், அரசுப் பதிவே இல்லை. அந்தக் காலத்தில் நிறையக் குடும்பங்களில் அப்படித்தான். அதனாலேயே பிள்ளைகளைத் தாய் பெயரில் பதிந்திருக்கிறார்கள். அன்று அவமானமாக நினைத்து மறைத்த அந்தப் பிறப்புப் பதிவுதான் இன்று மாமாவைக் கப்பல் வரை கொண்டு சேர்த்தது. அவருடைய விண்ணப்பம் இப்போது பரிசீலனையில் இருக்கிறது.

போகிறவர்களுக்கு: அப்பா வழியில் அடைத்துக்கொண்டால் பாட்டிமார் வழியைப் பாருங்கள். மோக்காவுக்குப் போவதற்கு முன் பழைய பதிவுகளின் முழு நகல் எடுங்கள். சுருக்க நகலில் அந்த எண் விட்டுப் போகலாம்.